சஹனில் என் பக்கம்

வலி முதலில் கடையில் வைத்துத்தான் வந்தது. ஏறாவூரில் சாரமும் சேலையும் விற்கும் சின்னக் கடை ஒன்று எனக்கு இருக்கிறது. வந்தவர் ஒருவருக்குச் சாரத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றின் இடப்பக்கத்தில் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல இருந்தது. முந்தைய நாள் ஒரு கல்யாணச் சாப்பாடு. வாயு என்று நினைத்தேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒன்றைக் குடித்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் வயிற்றுக்குள் எது நடந்தாலும் அதற்கு இரண்டே பெயர்கள்தான்: ஒன்று வாயு, மற்றது சூடு. நான் இரண்டுக்கும் கைமருந்து செய்து பார்த்தேன். வலி அசையவில்லை, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. நிமிர்ந்து நடக்க முடியாமல் நான் சுவரைப் பிடித்ததைப் பார்த்த என் மனைவி ஹசீனா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நோயின் பெயர் டைவர்டிகுலைடிஸ் (பெருங்குடலின் சுவரில் சிறு பைகளாகப் புடைத்த இடங்களில் அழற்சி உண்டாகும் நோய்). பெயரைச் சொல்லவே எனக்கு ஒரு கிழமை எடுத்தது. சத்திரசிகிச்சைப் பிரிவின் டொக்டர் இளம் பெண். ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார்.

"பழைய மோட்டர் சைக்கிள் டியூப்ல மெல்லிசான இடம் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும், பாத்திருக்கிறீங்களா? அது மாதிரித்தான். உள்ளுக்குப் போறதில நார் இல்லாட்டி குடல் முக்கித் தள்ள வேணும். முக்க முக்கப் புடைக்கும். வேற காரணமும் இருக்கு, ஆனா உங்கட கையில இருக்கிறது இதுதான். கிழமையில எத்தின நாள் மரக்கறி, பழம் சாப்பிடுவீங்க?"

"எங்கட ஊட்ட ஒவ்வொரு நாளும் மரக்கறி சமைக்கிற டொக்டர்" என்றேன். நெஞ்சு நிமிர்த்தித்தான் சொன்னேன்.

கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற ஹசீனா சொன்னாள்: "சமைக்கிறது உண்மதான். திங்கிறது எங்கட கோழிகள்."

டொக்டர் சிரிக்கவில்லை. நாளத்தின் வழியே அன்டிபயோட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து) ஏற்றினார்கள். சில நாள் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"இது திரும்பத் திரும்ப வந்து குடல் ஓட்டையானா, அந்தத் துண்ட வெட்டி எடுக்க வேண்டி வரும். கொலஸ்டொமி செய்யவும் வரலாம்." கொலஸ்டொமி என்றால், குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிட்டு, மலம் சேர அங்கே ஒரு பையை ஒட்டும் முறை.

நான் சாவுக்குப் பயந்தவன் என்று சொல்ல மாட்டேன். இதற்குப் பயந்தேன். பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்த்து வரிசையில் நிற்கும்போது, சட்டைக்குள் அந்தப் பையோடு நான் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நோயாளிக்கு மார்க்கம் எல்லா இலகுவும் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பையோடு கௌரவமாக வாழ்ந்து, தொழுது, தொழில் செய்பவர்களைப் பின்னாளில் அதே கிளினிக்கில் கண்டு பேசியும் இருக்கிறேன். அவர்கள் என்னைவிடத் தைரியசாலிகள். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வரிசை ஒன்றுதான் கண்ணில் நின்றது.

வீட்டுச் சாப்பாட்டை மாற்றுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. உங்களுக்கும் இதே நோய் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அழற்சி முழுக்க ஆறி, டொக்டர் சரி என்ற பிறகுதான் நாரைக் கூட்ட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரும் கூடவே குடிக்க வேண்டும். நான் முதல் நாளே ஒரு சட்டி கங்குன் கீரையைத் தின்றுவிட்டு, கடைக்குள் யாரையும் வரவிட முடியாத நிலையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நிதானம் பிடிபட்டது. வவுணதீவுப் பக்கத்திலிருந்து வரும் பயற்றங்காய், வெண்டிக்காய், முருங்கையிலை, பின்னேரம் ஒரு துண்டு பப்பாசி அல்லது கொய்யா. கோழிகள்தான் மெலிந்தன.

கஷ்டம் வாசலுக்கு வெளியேதான் இருந்தது. கீரைக்கட்டோடு தெருவில் நடந்தால், "என்ன, முயல் வளக்கிறீங்களோ?" என்பார்கள். தேநீர்க் கடையில் ரோல்ஸை வேண்டாம் என்று தள்ளினால், காசுக்கு இறுக்கமா என்று கண்ணால் கேட்பார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். சஹனைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் விருந்துகளில் ஆளுக்கொரு கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) கிடையாது. சஹன் என்ற பெரிய வட்டத் தட்டைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். நடுவில் சோறும் அதன்மேல் மாட்டிறைச்சியும் கோழியும் குவிந்திருக்கும். ஓரத்தில் பேருக்கு ஒரு கத்தரிக்காய்ப் பொரியல், இரண்டு துண்டு அன்னாசி. ஒருவர் இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் வைப்பார். உங்கள் பக்கத்தில் வைக்கப்பட்டதை நீங்கள் மிச்சம் வைப்பது, வைத்த கையை அவமதிப்பது போல.

இளவட்டக் காலத்திலிருந்து நாங்கள் அதே ஆறு பேர். இறைச்சி பிரிக்கிறவன் நான். எனக்கு வலப்பக்கம் சலீம், வாழைச்சேனையில் மீன் எடுத்து விற்கிறவன். ஆறு பேரில் அதிகம் தின்கிறவன் நான் என்பதால், தங்கள் பங்கிலிருந்தும் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளுவார்கள். நோயிலிருந்து எழும்பிய பிறகு இன்னும் கூடுதலாகத் தள்ளினார்கள். மெலிந்துவிட்டேனாம். அந்த அன்பை எந்தக் கையால் தடுப்பது?

என் சின்னம்மாவின் மகன், என்னைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் றஊப், தன் மகனின் கல்யாணத்துக்கு அழைத்தான். நான் ஒரு தந்திரம் செய்தேன். வீட்டிலிருந்து ஒரு பெட்டியில் பயற்றங்காய்ச் சுண்டலும் பப்பாசியும் கட்டிக்கொண்டு போய், மண்டபத்தின் மூலையில் கதிரை போட்டுத் தனியாக உட்கார்ந்தேன். யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் சொந்தக்காரன் வீட்டு விருந்தில் தனிக் கோப்பையில் சாப்பிடுகிறவன் ஒரே காரணத்துக்காகத்தான் சாப்பிடுவான். அவன் கோபத்தில் இருக்கிறான். இது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான் பெட்டியைத் திறந்த சிறிது நேரத்தில் மண்டபத்தின் அந்தப் பக்கம் பேச்சு அடங்கியது. றஊப், பள்ளிவாசல் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"காக்கா, எங்கட பக்கம் என்ன பிழ நடந்த எண்டு சொல்லுங்க. கல்யாணக் கார்ட மகன்ட கையில குடுத்து விட்டது பிழதான். நானே வந்திருக்க வேணும்."

"அப்பிடி ஒண்டும் இல்ல றஊப். எனக்குக் குடல்ல வருத்தம்."

"வருத்தம் உங்களுக்கு என்னில எண்டு ஊரே பாத்துக்கிட்டு இரிக்கி" என்று தழுதழுத்தான். எங்கள் பேச்சில் நோயும் வருத்தம்தான், மனக்குறையும் வருத்தம்தான். பெரியவர் என் கையைப் பிடித்து, "மனசில வெச்சிக்காதீங்க" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்க, குடலில்தான் வருத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. என் ஆட்கள் ஐந்து பேர் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுச் சஹனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் றஊபின் முகத்தில் மறுபடி நிறம் வந்தது.

அதற்குப் பிறகு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. அது கல்யாணக் காலம். வீட்டில் கீரை, வெளியில் இறைச்சி என்று ஓடியது. போகப் போக வீட்டில் சாப்பிடும் நாள்கள் குறைந்தன. ஒரு காலையில் அந்தக் கட்டை விரல் பழைய இடத்திலேயே அழுத்தியது.

இந்த முறை சீக்கிரம் போனதால் மாத்திரையோடு தப்பினேன். டொக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு விருந்துச் சாப்பாட்டால இது வாறதில்ல. அதுக்காக ஆரையும் குத்தம் சொல்லாதீங்க. ஆனா நீங்க வழக்கமா என்ன சாப்பிடுறீங்க எண்டத நீங்க முடிவெடுக்கிறீங்களா, ஊர் முடிவெடுக்குதா?"

ஊர்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, இனி எந்த விருந்துக்கும் போவதில்லை என்று ஹசீனாவிடம் சொன்னேன். அந்தக் கிழமைதான் என் வாழ்க்கையிலேயே ஆகத் தனிமையான கிழமை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் அப்படி உணரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சலீம் வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்காராமல் நின்றபடியே கேட்டான்.

"என்ன மச்சான், எங்களோட திங்க ஏலாதாம்?"

அவனிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுத் தோலில் திறக்கும் ஓட்டை, பை, வரிசை, என் பயம் எல்லாம். அதுவரை நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் குடலில் வருத்தம் என்ற இரண்டு வார்த்தைதான். சலீம் கேட்டு முடித்து, கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தான்.

"இத முதல்லயே செல்லியிருந்தா நாங்க இறைச்சியத் தள்ளியிருப்பமா? நாங்க உனக்கு நல்லது செய்யிற எண்டுதானே தள்ளின."

"எப்பிடிடா செல்ற?"

"இப்ப செல்லிட்டாய்தானே." கதவுவரை போனவன் திரும்பினான். "மறுகா ஒரு விசயம். பிரிக்கிறவன் நீ. எங்கட பக்கம் நீ என்னத்த வெக்கிறாயோ அதத்தானே நாங்க இவ்வளவு காலமும் திண்ட."

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை காலம் சஹன் என்னை ஆட்டிவைப்பதாக நினைத்திருந்தேன். சஹனில் எல்லோருக்கும் பரிமாறும் கையே என்னுடையதுதான்.

றஊபின் வீட்டில் அடுத்த விருந்து வந்தது. போனேன். சஹன் வழக்கம்போலக் குவிந்து வந்தது. அதன் பின்னாலேயே றஊப் ஒரு தனிக் கோப்பையை ஏந்திக்கொண்டு வந்தான். வெண்டிக்காய், முருங்கையிலைச் சுண்டல், கெக்கரிக்காய் (வெள்ளரி), நிறைய அன்னாசி. கல்யாணத்தில் நடந்ததற்கு ஈடாக அவன் மனைவி தன் கையால் செய்தாளாம். சலீம் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று விளங்கியது. அந்தக் கோப்பை நல்ல மனதோடுதான் வந்தது. ஆனாலும் தனிக் கோப்பை தனிக் கோப்பைதான்.

நான் கை நீட்டுவதற்குள் சலீம் அதை வாங்கி, சஹனின் நடுவில் இறைச்சியின் மேலேயே கவிழ்த்தான்.

"டேய், ஊரெல்லாம் மரக்கறிச் சஹன் எண்டு பேர் வெப்பாங்க" என்றான் ஒருவன்.

"வெக்கட்டும். பிரி மச்சான்" என்றான் சலீம்.

பிரித்தேன். முதலில் வெண்டிக்காயையும் சுண்டலையும் ஆறு பக்கமும் நன்றாகவே வைத்தேன். பிறகு அன்னாசி. கடைசியில்தான் இறைச்சி, அளவோடு. மரக்கறிச் சஹன் என்று சொன்னவன் பக்கம் வேண்டுமென்றே ஒரு கை கூடவே வைத்தேன். அவன் என்னை முறைத்துப் பார்த்தான். பிரிக்கிறவன் வைத்ததை மிச்சம் விட முடியாது. தின்றான். தின்றுவிட்டு, சுண்டல் இன்னும் இருக்கிறதா என்று றஊபிடம் கேட்டான்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. தங்கள் விருந்தில் கீரை வைத்தால் கஞ்சன் என்பார்கள் என்று மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே சலீம் தன் பையிலிருந்து கெக்கரிக்காயை எடுத்து வைப்பான், எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் எங்களுக்குப் பக்கத்துச் சஹனிலிருந்து, "அந்த அன்னாசியில கொஞ்சம் இஞ்சால தள்ளுங்க" என்ற குரல் இப்போது அடிக்கடி வருகிறது. தங்களுக்கும் நீண்ட நாளாக மலச்சிக்கல் என்று, கடைக்கு வந்து சாரத்தின் விலையைக் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னவர்கள் பலர். எல்லோரையும் டொக்டரிடம்தான் அனுப்பினேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் டொக்டர் இதே ஆலோசனையைச் சொல்லியிருந்தால், தனியாகக் கதிரை போடாதீர்கள். உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரிடமாவது முழுக் கதையையும் சொல்லுங்கள். உங்கள் பக்கம் எதைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியட்டும்.

கொலனோஸ்கோபி (கமெரா பொருத்திய குழாயால் குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். பைகள் அப்படியே இருக்கின்றன, அவை மறைவதில்லையாம். அழற்சி இல்லை. இப்போதைக்கு வெட்டும் தேவையும் இல்லை. "ஊர் என்ன சொல்லுது?" என்று டொக்டர் கேட்டார். "ஊர் பயற்றங்காய் திங்குது" என்றேன். அன்றைக்குச் சிரித்தார்.

முன்பு என் நாள்கள் ஒரு விருந்திலிருந்து அடுத்த விருந்துக்கு ஓடின. இப்போது ஒவ்வொரு நாளும் தனியாக வருகிறது. காலையில் வயிறு சிரமமில்லாமல் தன் வேலையை முடித்தால் அது நல்ல நாள். உடம்பு எனக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கவனிக்கிறேன். பயம் முழுக்கப் போகவில்லை. அது என்னோடு சாப்பிட உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் சலீமும் நானும் ஒரே வரிசையில் நிற்போம். அவன் தோள் என் தோளில் இடிக்கும். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டுவதற்கு முன், ஒருவரும் காணாமல் என் கை ஒருமுறை அடிவயிற்றின் இடப்பக்கம் போய்வரும். சட்டைக்குக் கீழே என் தோல்தான் இருக்கிறது.