ராணிக்குக் கால் கொடுத்த கிருஷ்ணம்மா

மலாயாவின் பத்து பாகாட் டவுனில் அய்யாவு முதலாளியின் படக்கொட்டகை இருந்த காலத்தில், கிருஷ்ணம்மா அதன் வாசலில் அவித்த கச்சாங் கடலை விற்றுக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி அலுத்துப்போய் டவுனுக்குக் குடிவந்தவள். புருஷன் லெட்சுமணன் மாட்டுவண்டி ஓட்டினான். கடலை விற்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை ஒன்றும் கிடையாது. படம் பார்க்க வேண்டும், கடலைக்கூடை அதற்கு ஒரு சாக்கு.

அப்போதெல்லாம் ஊமைப்படங்கள்தான். சதாசிவம் என்பவர் திரையோரம் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கதை சொல்வார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு முன்பக்கம். கிருஷ்ணம்மா மாதிரி ஓசிக் கிராக்கிகளுக்குத் திரைக்குப் பின்பக்கம். அங்கேயும் படம் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் படங்களில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் பறிபோவது செருப்பு. ராஜ்யமெல்லாம் பிறகுதான் போகும். ராஜா பாதக்குறட்டைக் கழற்றி வைப்பார், ராணி வெறுங்காலோடு காட்டுக்குக் கிளம்புவாள், கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும். சிந்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் செருப்பையே தொட்டறியாத தோட்டத்துச் சனங்கள் என்பதுதான் வேடிக்கை. தங்கள் காலுக்காக ஒருநாளும் அழாதவர்கள் ராணியின் காலுக்காக விம்மி விம்மி அழுதார்கள்.

ராணி நடக்கும்போது ஒருவன் திரைக்குப் பின்னால் நின்று கையால் சலங்கையை ஆட்டுவது வழக்கம். ஒருநாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ராணி சத்தமே இல்லாமல் நடந்தாள். பின்னால் நின்ற கிருஷ்ணம்மாவுக்கு, ராணி திரையின் ஓரத்தை நெருங்க நெருங்க மனசு கேட்கவில்லை. துணியைத் தாண்டி எங்கேதான் போகிறாள் என்று பார்த்துவிடுவோமே என்று, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கிருந்த பலகைமேல் ஏறிக் கூடவே நடந்தாள். ராணி ஓர் அடி வைத்தால் இவளும் ஓர் அடி. ராணி தயங்கினால் இவளும் நின்றாள். காலில் கிடந்த கொலுசு தன் பாட்டுக்குச் சிணுங்கியது. முன்பக்கம் கப்சிப். வாய் ஓயாத சதாசிவமே குழலை இறக்கிவிட்டார்.

படம் முடிந்ததும் அய்யாவு பின்பக்கம் வந்தார். பலகைமேல் ஏறி நடந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் நழுவப் பார்த்தாள்.

“எங்க ஓடுறீங்க? நாளைக்கும் வந்து நடங்க,” என்றார் அவர்.

அதிலிருந்து ராணி, இளவரசி, முனிவர் மனைவி, எல்லாருக்கும் கால் கிருஷ்ணம்மாதான். காடு வந்தால் பலகையில் காய்ந்த ரப்பர் இலைகளைப் பரப்பிக்கொண்டு நடப்பாள். ஆறு வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவாள். ராணியின் காலில் முள் குத்தினால் இவளும் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போவாள்.

“முள்ளு குத்துனது அவளுக்கு. நீ ஏன்டி தைலம் தேய்க்கிறே?” என்று கேட்பான் லெட்சுமணன்.

“சும்மா இருங்க, உங்களுக்கு என்ன தெரியும்,” என்பாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை அவளுக்கு உயிர். கடலைக்கூடை எப்போதோ பரணுக்குப் போய்விட்டது.

இப்படி இருக்கையில் பேசும்படம் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து லாரியில் மெஷின் வந்து இறங்கியது. சதாசிவத்தை டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். கிருஷ்ணம்மாவை அய்யாவு தனியாகக் கூப்பிட்டார்.

“இனிமே எல்லாச் சத்தமும் படமே போட்டுக்குமாம். நீங்க நடந்தது போதும். மொத ஷோவுக்கு வந்து முன்னால நாற்காலியில உக்காந்து பாருங்க, உங்களுக்கு டிக்கெட் வேணாம்.”

மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் அவளால் ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை. அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

இருந்தாலும் முதல் ஷோவுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கத்திலிருந்து பார்த்தாள். எல்லாரும் தப்பான பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, நின்றால் பாட்டு, உட்கார்ந்தால் பாட்டு.

“அலமாக், என்னடி இது, வாயே மூட மாட்டாங்க போல லா,” என்றாள் பக்கத்தில் இருந்த வெள்ளையம்மா. சந்தையில் மீன் விற்பவள், அவளே அசந்துபோனாள்.

கடைசியில் அந்த இடம் வந்தது. ராணி பாதக்குறட்டைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காட்டுப்பாதையில் இறங்கினாள். பிடில் அழுதது. காலிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. ராணி காற்றில் மிதப்பவள் மாதிரி போனாள். பெஞ்சுக்காரர்கள் நெளிந்தார்கள். அவர்கள் வருஷக்கணக்காகக் காதால் அழுது பழகியவர்கள்.

“கால் எங்கப்பா?” என்றது ஒரு குரல்.

“மெஷின்ல கால் ரிப்பேரு,” என்றது இன்னொரு குரல். கொட்டகை சிரித்தது. ராணி காட்டுக்குப் போகும்போது யாராவது சிரிப்பார்களா?

கிருஷ்ணம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அடுத்த நிமிஷமே, அந்த ராணியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. இவ்வளவு நாள் கூட நடந்துவிட்டு இப்போது தனியாக விடுவதா? யோசித்து முடிப்பதற்குள் கால்கள் தரையில் இறங்கிவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ராணியின் நடைக்குச் சரியாக அடி வைத்தாள். கொலுசு மெல்லக் குரல் கொடுத்தது. வெள்ளையம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வரிசை முழுக்க அடங்கியது.

இருட்டில் குனிந்தபடி அய்யாவு வந்தார். கிருஷ்ணம்மா கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

“இங்க உக்காந்து பண்ணா நாலு பேருக்குத்தான் கேக்கும்,” என்றார் மெதுவாக. “பின்னால வாங்க.”

பின்பக்கத்தில் பலகையைப் பாதி அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஒலிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டி ஒருக்களித்து நடந்தாள். “ஆங், இப்ப சரி,” என்று முன்னாலிருந்து யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. மூக்கைச் சிந்தும் சத்தம் வரிசை வரிசையாகக் கிளம்பியது. அவர்கள் அழ அழ, கிருஷ்ணம்மா சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

படம் முடிந்ததும் அய்யாவு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு ரெண்டு ஷோ. வந்துருங்க.”

“வரேன் முதலாளி,” என்றாள் கிருஷ்ணம்மா, மூச்சு வாங்கியபடி. “ஆனா அந்தம்மாவக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க. பேச்சு வந்ததும் என்னா வேகம்.”