செம்பனைத் தோட்டத்துத் தண்டல்

மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்கு முன்னால், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்து வாசலில் காரை நிறுத்தி வழி கேட்க இறங்குகிறேன். வானம் இருட்டிவிட்டது. வேலையாட்கள் ஓடிவந்து லாரியில் ஏறுகிறார்கள், பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட தமிழ்ப் பெண்மணி ஒருவர் மட்டும் கீழே நிற்கிறார்.

“தண்டல், ஏறுங்க லா!” என்று டிரைவர் அவரைப் பார்த்துக் கத்துகிறார்.

எங்கள் தூத்துக்குடியில் தோணியைக் கொண்டுசெலுத்துகிறவர்தான் தண்டல். கடலே தெரியாத இந்த மேட்டில் அந்தச் சொல்லா? அவரிடமே சொல்கிறேன்.

“தோணியா? இங்க ஆளுங்கள வேலை வாங்குறவங்கதான் தண்டல். நான் போர்ட்டிக்சன் கடல்ல கால் நனைச்சதோட சரி, அண்ணே.” பேசும்போதும் அவர் கண் மரங்களுக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் ஒருவன் வரவில்லை.

பக்கத்தில் எங்கோ இடி விழுகிறது; மழை பிடித்துக்கொள்கிறது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார்.

“கடைசி ஆள் ஏறாம தண்டல் ஏறுறதில்ல. இங்க அப்படித்தான்,” என்கிறார் அந்தப் பெண்மணி.

அவன் வருகிறான். குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பம் தோளில். அவர் மழைக்குள் பாய்ந்து ஓடுகிறார். “புவாங்! புவாங்! கீழ போட்றா அத!”

கம்பம் சேற்றில் விழுகிறது. அவனைப் பிடித்திழுத்து வந்து லாரியில் ஏற்றுகிறார். அதற்குமேல் அதில் இடமில்லை. பக்கவாட்டில் தட்டி லாரியை அனுப்பிவிட்டு, என் காருக்கு வருகிறார்.

கதவைச் சாத்தியதும் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறார்.

“இடின்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம், அண்ணே.”