கிளட்ச் மிதிக்கும் கால்

லாரி கேபினிலிருந்து கீழே குதித்தபோது இடது முழங்காலுக்குள் 'டப்' என்றது. அடுத்த அடி வைக்கக் கால் நிற்கவில்லை.

ஃபேர்லேண்ட்ஸில் உள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். லிகமெண்ட் (எலும்போடு எலும்பை இழுத்துப் பிடிக்கும் நார், எங்கள் பேச்சில் ஜவ்வு) அறுந்திருந்தது. நான் லாரி டிரைவர், வேறு தொழில் தெரியாது. ஒன்றைத்தான் கேட்டேன்.

"கிளட்ச் மிதிக்க முடியுங்களா?"

"ஆபரேசன் என் வேலை. அதுக்கப்புறம் பயிற்சி உங்க வேலை."

ஆபரேசன் நன்றாக முடிந்தது. பிசியோதெரபி (பயிற்சியால் உறுப்பைப் பழக்கும் சிகிச்சை) தொடங்கிப் பல வாரங்கள் ஆகியும் காலை முழுதாக நீட்ட முடியவில்லை. படுத்தால் முழங்காலுக்கடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பயிற்சி தரும் கவிதாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல எப்படிப் படுக்கறீங்க?"

என்னை முந்திக்கொண்டு என் மனைவி செல்வி சொன்னாள். "தார்ப்பாயச் சுருட்டி முட்டிக்கடியில வெச்சுக்குவாருங்க. அது இல்லீனா இவருக்குத் தூக்கமே வராது."

லாரி மேல் படுக்கிற எங்கள் ஆட்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வீட்டுக் கட்டிலில் தூக்கம் பிடிக்காமல் வண்டியிலிருந்து அதையே எடுத்து வந்திருந்தேன்.

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பகல்ல நான் நீட்டி உடறேன், ராத்திரி நீங்க மடக்கி வெச்சுக்கறீங்க. இப்படியே இறுகிப்போச்சுன்னா கிளட்ச மறந்துர வேண்டியதுதானுங்க."

பயந்துவிட்டேன். அன்றே தார்ப்பாய் வண்டிக்குத் திரும்பியது. இதைப் படிக்கிறவர்களும் முழங்காலுக்கடியில் தலையணை வைத்திருந்தால், உங்கள் பிசியோவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சுருட்டிய துண்டு குதிகாலுக்கடியில். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக இறங்க வேண்டும். உயிர் போகிற வலி. நான் பல்லைக் கடிப்பேன், செல்வி பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள். "அதயே மொறச்சுப் பாத்தா எறங்கிருமாக்கு?" என்பாள்.

ஒரு நாள் காலை, துண்டு இல்லாமல் படுத்திருந்தபோது முழங்காலின் பின்பக்கம் மெத்தையைத் தொட்டது. செல்வியைக் கை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். நுழையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி. ஒரு வழியாக டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். செல்வியையும் ஏற்றிக்கொண்டு காலி லாரியைப் பரமத்தி வேலூர் பக்கம் விட்டேன். கிளட்ச் கடைசிவரை போனது, கால் நடுங்காமல் திரும்பி வந்தது. இத்தனை வருடம் மிதித்தும் கால் இப்படிப் போய் வருவதை நான் கவனித்ததே இல்லை.

முன்பெல்லாம் வேகத்தடையைக் கண்டால் கிளட்ச் மிதித்தே நேரம் போகிறதே என்று திட்டுவேன். அன்று ஒன்றைத் தாண்டியதும் அடுத்தது எப்போது வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.