தீப்பெட்டிப் பட்டையில் ஒரு கோபுரம்

எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறார்கள் என்றால், ஓடிப்போகத் தெரியாத எதுவும் தப்பாது. பாத்திரம், பாய், நாற்காலி, சாமி படங்கள் எல்லாம் முற்றத்துக்கு வரும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தால், கூடப்பிறந்த அழுக்கைக்கூட விட மாட்டாள். அந்த வருஷம் ஜெர்மன் படமும் அகப்பட்டுக்கொண்டது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில்லுக்குப் புது மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரருக்கு நம் ஊர்ச் சால்னா ஒத்துக்கொள்ளாமல் வயிறு பிடுங்கிவிட்டது. அம்மா ஒரு வாரம் கஞ்சியும் மிளகு ரசமும் கொடுத்தனுப்பி ஆளை எழுப்பி நிறுத்தினாள். அடுத்த தடவை வரும்போது அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்தப் படம். மலை, ஆறு, நாலைந்து வீடு, நடுவில் உயரமாக ஒன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

“பெயின்ட் ஒரு பொட்டு கிடையாது பாத்துக்கிடும். பூராம் மரம். வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான்!”

ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அம்மா ஏன் அதைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினாள் என்று கேட்காதீர்கள். அழுக்கு இருந்தது, கழுவினாள். கழுவி வெயிலில் சாத்தியும் வைத்தாள். மத்தியானத்துக்குள் மலையும் ஆறும் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக் கழன்றுவிட்டன. நடுவில் இருந்த அந்த உயரமான ஒன்று காற்றோடு போயே போய்விட்டது. தெருமுனை வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை.

“போச்சே! ஞாயித்துக்கெழமை அந்த ஜெர்மன்காரரு சாப்பிட வாராரே! ஒங்கப்பா மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பா தெருவில் தலைநிமிர்ந்து நடந்ததே அந்தப் படத்தால்தான் என்று நான் நம்பியிருந்த காலம் அது. நல்ல வேளையாக அப்பா மிஷின் வேலையில் இரண்டு ஷிப்டும் மில்லிலேயே கிடந்தார்.

கழன்ற துண்டுகளைத் தூக்குவாளியில் போட்டு மூடி, பலகையைச் சேலையில் சுற்றிக்கொண்டு அம்மா என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அங்கே சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, வீட்டிலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். காகிதம்போல் சீவிய மரப்பட்டையை மடித்து ஒட்டும் வேலை. பேசிக்கொண்டே ஒட்டுவாள், சண்டை போட்டுக்கொண்டே ஒட்டுவாள், கையைப் பார்க்கவே மாட்டாள்.

தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏக்கா, படத்தக் கழுவுனியா, இல்ல வேக வச்சியா?” என்றாள்.

“ஏட்டி, கேலி பண்ணாத. ஒட்ட முடியுமா முடியாதா?”

முடிந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை சட்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு துண்டாகப் பொருத்தி ஒட்டி, மேலே துணி விரித்து, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது. கடைசியில் நடுவில் மட்டும் ஓர் ஓட்டை மிஞ்சியது.

“இங்க என்ன இருந்துச்சு?”

“உசரமா இருந்துச்சு. கீழ அகலம், மேல போகப் போகச் சின்னது,” என்றாள் அம்மா.

“அப்பக் கோபுரந்தான்,” என்று சித்தி உடனே முடிவு கட்டிவிட்டாள். அந்த ஊரில் எந்தச் சந்தில் நின்று நிமிர்ந்தாலும் கோபுரம்தான் தெரியும். உயரமாக வேறு ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தீப்பெட்டிப் பட்டையில் நிலை நிலையாக வெட்டி, உச்சியில் கலசமும் வைத்து, ஜெர்மன் மலையடிவாரத்தில் கோபுரத்தை நிறுத்திவிட்டாள்.

படம் திரும்பச் சுவரேறியது. அப்பாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாவம், அவர் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாரே தவிர, பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரர் வந்தார். பேச்சை மாற்றிச் சொல்ல மில்லிலிருந்து ஓர் இளம் இன்ஜினியரும் வந்திருந்தார். உதவிக்கு வந்த சித்தி அடுப்படியில் பதுங்கிக்கொண்டாள். ஜெர்மன்காரர் நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபுரத்தை விரலால் தடவினார். அம்மா தாங்கமாட்டாமல், “நாந்தான் கழுவித் தொலச்சிட்டேன்,” என்று ஓவென்று அழுதுவிட்டாள். அப்போதுதான் அப்பா கோபுரத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

ஜெர்மன்காரர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இன்ஜினியர் சொல்லச் சொல்லக் கேட்டோம். காட்டோரத்துச் சின்ன ஊரில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இந்த மாதிரி மரப்படம் செய்யும் பட்டறை நடத்தினார்களாம். ஆண்கள் மரத்தை அறுப்பார்களாம். பெண்கள் மரத்தின் ரேகையைப் பார்த்து, இது வானத்துக்கு, இது தண்ணீருக்கு என்று எடுத்துக் கொடுப்பார்களாம். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கு அந்தப் படம்தான் பரிசாம். அப்புறம் அச்சடித்த படம் மலிவாக வந்துவிட்டது, ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவருடைய அப்பா இறந்ததும் பட்டறையைப் பூட்டி விற்றுவிட்டார்களாம். இப்போது அங்கே கார் டயர் விற்கிறார்களாம். கடைசியாக அங்கே செய்த படம் இதுதான், செய்தது அவருடைய அம்மா. நடுவில் இருந்தது அவர்கள் ஊர்ச் சர்ச்.

“இத ஒட்டுனது யாருன்னு கேக்குறாரு,” என்றார் இன்ஜினியர்.

அம்மா சித்தியைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள். பட்டையை ஏன் குறுக்கே வைத்தாய் என்று ஜெர்மன்காரர் கேட்டார்.

“ரேகை படுத்தாப்புல ஓடுச்சு. நெலைக்கு நெல படி வச்ச மாதிரி இருக்கும்னுதான்...” என்று சித்தி இழுத்தாள்.

இன்ஜினியர் அதைச் சொல்லி முடித்ததும் அந்த ஆறடி மனுஷன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து ஏதோ கெஞ்சினார்.

“படத்த ஊருக்குக் கொண்டு போகட்டான்னு கேக்குறாரு. அவங்க அம்மா இன்னும் இருக்காங்களாம். அவங்ககிட்டக் காட்டணுமாம்.”

அப்பா தானே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். அம்மா அதைப் புதுத் துண்டில் சுற்றினாள். சித்தியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எல்லோருக்கும் என்ன பைத்தியமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய ஆள், கடல் தாண்டிப் போய் அம்மாவிடம் எங்களைப் பற்றிக் கோள் சொல்லப் போகிறார், அதற்கு இவர்கள் சிரித்துக்கொண்டே வழியனுப்புகிறார்களே!