எண்ணும் மேசையில் சூசைதாசன்

என் அக்கா புருசன் சூசைதாசனைப் போல ஒரு பொல்லாத நேர்மைக்காரனை நான் கண்டதில்லை. சில நாட்களில் அந்த நேர்மையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெர்மனியின் தெற்கே, பால்பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அத்தானுக்குச் சீஸ் ஆலையில் வேலை. தேர்தல் வந்தால் பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்கு எண்ணும் குழுவில் இருப்பார். இப்போது அவர்தான் தலைவர்.

அவர் அதில் சேர்ந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். தொண்ணூற்றெட்டில் குடியுரிமை கிடைத்து முதன்முதலாக வாக்குப் போட்டார். இங்கே சீட்டில் வட்டங்களுக்குள் இரண்டு புள்ளடி (X) போடவேண்டும், வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மனுசன் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு இலக்கம் போட்ட நினைப்பில் 1, 2 என்று எழுதிவிட்டார்! பின்னேரம் எண்ணுவதைப் பார்க்கப் போனால், அவருடைய சீட்டைத் தூக்கிப்பிடித்து வாதாடுகிறார்களாம். அன்றைய தலைவி ஒரு தபாற்கந்தோர்க்காரி. "இந்த ஆள் யாரை நினைத்தார் என்று தெரிகிறதே, பிறகென்ன?" என்று அதைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த தேர்தலுக்கு அத்தான் தன் பெயரைக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் ஊர் முடிவை ஜெபப்புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைப்பார். ஆரம்பத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் மாதா கோயிலோடு ஒட்டிய பழைய கட்சிக்கே போட்டார்கள். பிறகு ஆறு, பிறகு ஐந்து. பண்ணைகள் மூடின, இளசுகள் நகரத்துக்குப் போனார்கள், பஸ்ஸும் நின்றது. வெளிநாட்டுக்காரரை அனுப்பவேண்டும் என்கிற புதுக் கட்சிக்கு முதலில் ஒன்பது வாக்கு, அடுத்து நாற்பத்தொன்று, அதற்கடுத்துத் தொண்ணூறு.

வெரோனிக்கா அக்காவுக்கு வாக்கு இல்லை. என்றைக்காவது ஊருக்குத் திரும்பலாம் என்று முப்பது வருசமாக இலங்கைப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருக்கிறாள். போன தேர்தலன்று காலையில் சொல்லிவிட்டாள்.

"இந்தமுறை அந்தப் புதுக் கட்சிக்காரர் இஞ்சை முதலாவதா வந்தால் நான் இருக்கமாட்டன். வீட்டை வித்துப்போட்டு டுசல்டோர்ஃபுக்கு மகளிட்டைப் போவம்."

அத்தான் "ஓம்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. எங்கள் சின்ன ஊர் அவருக்கு அவ்வளவு விருப்பம்.

பின்னேரம் நானும் மண்டபத்துக்குப் போனேன். எண்ணுவதை யாரும் நின்று பார்க்கலாம். புதுக் கட்சிக்காரர் சைட்லர் கைகட்டிக்கொண்டு அத்தானின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கட்சிக்கு 143. புதுக் கட்சிக்கும் 143. மிச்சம் ஒரே ஒரு சீட்டு. நடுங்கிய கையால் போட்ட புள்ளடி, வட்டத்துக்கு வெளியே, புதுக் கட்சியின் பெயருக்கு மேலே கிடந்தது. குழுவில் மூன்று பேர் செல்லும் என்றார்கள், மூன்று பேர் செல்லாது என்றார்கள். தலைவர்தான் முடிவு சொல்லவேண்டும்.

செல்லாது என்று சொல்லித் துலையுங்கோ அத்தான்! வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஆள் யாரை நினைத்தார் என்று தெரிகிறது" என்று ஜெர்மனில் சொல்லி, அதைப் புதுக் கட்சிக் குவியலில் வைத்தார். 144.

சைட்லர் கட்டிய கையை அவிழ்த்தார். வெளிக்கிடும்போது அத்தானின் கோட்டை எடுத்து நீட்டி, "அடுத்தமுறையும் நீங்களே எண்ணுங்கள்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தோடு காரை எடுத்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள். அத்தான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"ஒரு வாக்காலை வந்திட்டினம், வெரோனிக்கா. சொன்னபடி வீட்டை விப்பம்."

"ஒண்டாலையோ?"

"ஓம், ஒண்டாலை."

அக்கா கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்ப என்ர ஒண்டு இருந்திருந்தால் சமனாப் போயிருக்குமே!"

சட்டென்று எழும்பினாள்.

"வீடு அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள். "நாளைக்குத் திங்கள்தானே, அரசாங்கக் கந்தோர் திறக்கும். குடியுரிமை கேட்டு அன்ட்ராக் போடுற பேப்பரை வேண்டிக்கொண்டு வாங்கோ."