சென்சாருக்குச் சந்தனம்

அடையாற்றில் ஓர் அலுவலகக் கட்டடத்தை மேய்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட், ஏசி, கரண்ட், தண்ணீர் எல்லாம் என் தலையில். எங்களுடையது பசுமைக் கட்டடம். ஆள் நடமாடினால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் தானே அணைந்துவிடும். கூரையில் அங்கங்கே கோலிகுண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் சென்சார்கள் இதைப் பார்த்துக்கொள்ளும். சுவரில் சுவிட்ச் என்று ஒன்றே கிடையாது. அதில் எனக்கு அப்படி ஒரு திமிர்!

அந்த வருஷம் பசுமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "சர்டிஃபிகேட் போச்சுன்னா நீங்களும் அதோடயே கிளம்பிடுங்க."

பரிசோதகர் வருவதாகச் சொன்னது ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். காலையில் உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு. நாற்பது பேர் நின்ற இடத்தில் நின்று சென்சாரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நாற்காலியில் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தேன். ம்ஹூம். செல்போன் டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினேன். ஒரு சென்சார் பாக்கியில்லாமல் எல்லாவற்றின் கண்ணிலும் எட்டணா அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்காவை ஓரமாக அழைத்துப் போனேன்.

"அக்கா, இது யார் வேலை?"

"நான்தான் சார். ஒரு மெஷினையும் உட்றாதன்னு நீங்கதானே சொன்னீங்கோ? மேசை மேல ஸ்டூல் போட்டு ஏறி வெச்சேன், இடுப்பு இன்னும் வலிக்குது. நல்லா கீதுல்ல?"

சொன்னது வாஸ்தவம்தான். பூஜையன்று சுண்டல் மும்முரத்தில் நானே உதிர்த்த வசனம். கோபப்படக்கூட வழியில்லை. துணி எடுத்துவரச் சொல்வதற்குள் முதலாளி பரிசோதகரோடு வந்துவிட்டார். இருட்டில் நாற்பது பேர் கையாட்டுவதை அந்த மனிதர் வாசலிலேயே நின்று பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை பாதி போயிருந்தது.

அக்கா இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை.

"இன்னாத்துக்கு இருட்டுல நின்னுகினு கீறீங்கோ? வெளிய பளபளன்னு வெளிச்சம் கீது" என்றபடி வடக்குப் பக்கத்து ஜன்னல் திரைகளைச் சரக் சரக்கென்று வரிசையாக ஏற்றிவிட்டார். கட்டடம் திறந்த நாளிலிருந்து அந்தத் திரைகளை யாரும் தொட்டதே இல்லை. வெளிச்சம் கடைசி மேசைவரை வந்தது.

பரிசோதகர் ஒளி அளக்கும் கருவியை மேசை மேசையாக வைத்துப் பார்த்தார்.

"பிரமாதம்! ஒரு விளக்கு எரியல, ஆனா வேலைக்கு வேண்டிய வெளிச்சம் இருக்கு. இது யாரோட ஏற்பாடு?"

முதலாளி பெருமையாக என்னைக் காட்டினார். வாயைத் திறந்தால் வேலை போகும். வெட்கமே இல்லாமல் மூடிக்கொண்டேன். ஆனால் அக்கா பதறிவிட்டார். சந்தனத்தைப் பற்றித்தான் விசாரணை நடக்கிறது என்று நினைத்துவிட்டார், பாவம்.

"என்னை ஒண்ணியும் சொல்லாதே நைனா! சந்தனம் வெக்கச் சொன்னது இந்த சார்தான்!"

"சந்தனமா?"

பரிசோதகர் அண்ணாந்து பார்த்தார். விடுவிடுவென்று மேசைமேல் ஏறி, எட்டி ஒரு சென்சாரை நகத்தால் சுரண்டினார். அவர் தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சரி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"மிச்சத்தைத் துடைச்சிடாதீங்க" என்றார். விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.