பச்சைத் தண்ணீரில் வெந்த இறால்கள்

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்துப் போட்ட பிறகு, கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு கரண்ட் கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெருவிலேயே காதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம். என் கையில் எட்டு மாதக் குழந்தை வேறு.

இந்த லட்சணத்தில் என் கணவருக்கு அவருடைய இறால்களைப் பற்றித்தான் கவலை. சிதம்பரத்தில் வேலை பார்க்கும் அவர், அங்கே ஒரு மீன்தொட்டிக் கடையில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நன்னீர் இறால்களை வாங்கி, பாலிதீன் பையோடு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். அவற்றின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். தின்ற பாசி உள்ளே இறங்குவதுகூடத் தெரியும். நானோ தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். இறாலை உரித்துத் தொக்கு வைக்கத் தெரியுமே தவிர, தொட்டியில் விட்டுக் கொஞ்சத் தெரியாது. "இதுங்கள வேடிக்க பாக்குற நேரத்துக்கு, நல்ல இறாலா வாங்கியாந்தா கொழம்பாவது வெக்கலாம்" என்று நான் சொல்லாத நாளே இல்லை. அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

லாரி வந்தபோது வீட்டில் இருந்த அண்டா, குடம் எதுவும் போதவில்லை. என் தம்பி எங்கிருந்தோ ஒரு பெரிய நீல டிரம்மை பைக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். சிநேகிதனுடைய முந்திரித் தோப்பில் சும்மா கிடந்ததாம். "சோப்பு போட்டு நல்லா தேச்சி கழுவிட்டேங்க்கா" என்றான். எனக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டிரம் நிறையப் பிடித்துவைத்தோம். லேசாக ஒரு நெடி அடித்தது. லாரித் தண்ணீர் என்றால் ப்ளீச்சிங் வாசனை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா குடத்தை நீட்டியதும் அவருக்கும் ஒரு குடம் மொண்டு கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைத்தான் ஸ்டவ்வில் வைத்துக் காய்ச்சி, பால் பவுடர் கலக்கி, புட்டியில் ஊற்றி ஆற வைத்தேன். என் கணவர் இறால் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று ரெண்டு மக் ஊற்றிவிட்டுப் பல் துலக்கப் போனார்.

நான் தொட்டியைத் தாண்டிப் போகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. எப்போதும் அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் இறால்கள் கண்ணாடியில் மோதி மோதிக் குதித்துக்கொண்டிருந்தன. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடி உடம்பெல்லாம் பால் ஊற்றினது போல வெளுத்திருந்தது. அடியில் சுருண்டு கிடந்தவற்றில் இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிறம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். வாணலியில் போட்டால் இறாலுக்கு வருமே, அதே நிறம்.

"ஏங்க, கொழந்தைக்குக் காய்ச்சுன சுடுதண்ணியயா இதுல ஊத்தித் தொலைச்சீங்க?" என்று கத்தினேன்.

வாயில் நுரையோடு ஓடி வந்தார். "லூசாடி நீ? டிரம்முலேர்ந்து மோந்த பச்சத் தண்ணிதான்."

தொட்டிக்குள் கையை விட்டேன். சில்லென்று இருந்தது.

"ப்ளீச்சிங் ஜாஸ்தியோ?" என்றவர், அவரே தலையை ஆட்டிக்கொண்டார். அதே லாரித் தண்ணீரை முந்தின நாள் அண்டாவிலிருந்து எடுத்து ஊற்றியிருந்தார். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி டிரம்மைப் பார்த்தார். நான் சமையல் மேடையைப் பார்த்தேன். பால் புட்டியைக் காணவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கூடத்தில் என் மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புட்டியை வாயருகே கொண்டுபோயிருந்தார். நான் போட்ட "அத்தே!" சத்தத்தில் குழந்தை என் பக்கம் திரும்பிச் சிரித்தான். புட்டியை ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன்.

"என்னாடி ஆச்சி ஒனக்கு?" என்று மாமியார் பதறினார்.

குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். "ஒரு சொட்டுகூடப் போவலடி, சூடு பாத்துக்கிட்டிருந்தேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே பக்கத்து வீட்டு ஞாபகம் வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அந்த அக்கா வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கேட்காமல் கொள்ளாமல் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அவர் நினைத்தாராம்.

தோப்புக்கு விசாரிக்கப் போன தம்பி முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். "முந்திரிக்குப் பூச்சி மருந்து கலக்குற டிரம்மாம் மாமா. அவனுக்கே தெரியல, அவுங்கப்பாதான் சொன்னாரு" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அவனைத் திட்ட எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

மதியத்துக்குள் எல்லா இறாலும் சிவந்து சுருண்டு அடங்கிவிட்டன. பூனை தின்றுவிடக்கூடாது என்று, புயலில் சாய்ந்த முருங்கை மரத்தின் குழியில் ஆழமாகப் புதைத்தார் என் கணவர். கூடை கூடையாக இறால் பார்த்து வளர்ந்த நான், அந்தக் கைப்பிடி இறாலுக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இறால் தொக்கு என்றால் அவனுக்கு உயிர். இன்றும் வாணலியில் இறால் வெளுத்துச் சிவக்கும்போது என் கை தானாக நின்றுவிடுகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த கிளறு கிளறுகிறேன்.